வெடிப்பின் மேல் பூச வேண்டாம்!

தாராபுரத்தில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்குக் காற்றைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வருகிற காற்று, வெளியே காற்றாலைகளைச் சுழற்றிய கையோடு நம் வீட்டு ஜன்னலுக்குள்ளும் நுழைந்து விடுகிறது. காலையில் துடைத்த மேஜையில் மத்தியானமே விரலால் பெயர் எழுதலாம்! மண்ணோ, ஒரு பக்கம் செம்மண், ஒரு பக்கம் கரிசல். எந்த மண்ணின் மேல் நம் வீடு உட்கார்ந்திருக்கிறது என்பது முதல் மழைக்குப் பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது.

இந்தக் காற்றோடும் மண்ணோடும் இன்றைய வீடுகளில் மூன்று புகார்கள் சேர்ந்து கொண்டிருக்கின்றன.

"முன்வாசல் தளம் வெடித்து விட்டது."

"கம்ப்யூட்டர் நகர மாட்டேன் என்கிறது."

"பையன் வீடியோ கேமை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் நாம் செய்கிற வைத்தியம் ஒன்றேதான். தளம் வெடித்தால் மேலே சிமெண்டைப் பூசுகிறோம். கம்ப்யூட்டர் மெதுவானால் புதிதாக ஒன்று வாங்கி விடுகிறோம். பையன் எழுந்திருக்காவிட்டால் போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மூன்றும் பழைய நிலைக்கே வந்து நிற்கின்றன; கையிலிருந்த பணம் மட்டும் குறைந்திருக்கிறது.

கோளாறு மேலே தெரிகிறது. காரணம் கீழே இருக்கிறது. கீழே குனிந்து பார்க்கிற வேலையை, மேஸ்திரியோ கடைக்காரரோ நமக்காகச் செய்து விடுவார் என்று நம்ப முடியாது. குடும்பத்தலைவிதான் செய்தாக வேண்டும். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

முதலில், வாசல்

கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரையில் கார் வந்து போகிறதே, அந்தத் தளத்தைப் பற்றி மேஸ்திரியிடம் பேசும் போது சம்பாஷணை அநேகமாக இப்படித்தான் இருக்கும்:

"ஏனுங்க மேஸ்திரி, போன வருசந்தானே பூசுனீங்க? மறுபடியும் வாயைப் பொளந்துட்டு நிக்குதே?"

"அதுங்களா அம்மணி, இது கரிசல் மண்ணுங்க. என்ன பூசுனாலும் அப்படித்தானுங்க இருக்கும்."

மேஸ்திரி சொல்வதில் பாதி உண்மை. கரிசல் மண்ணில் இருக்கிற ஒரு வகைக் களி, தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கரிசல் காட்டில் கை நுழைகிற அளவுக்கு நிலம் பிளந்து கிடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே பிளவு இருந்த இடம் தெரியாமல் மூடிக் கொண்டு விடும். அப்படி மூச்சு விடுகிற மண்ணின் மேல் நாலு அங்குலக் கான்கிரீட்டைப் பரப்பினால் அது என்ன செய்யும்? வருஷத்துக்கு ஒரு முறை தூக்கப்படும். ஒரு முறை கீழே விடப்படும். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்குமே தவிர, வளைவதைத் தாங்காது. வெடிக்கிறது.

ஆனால், "அப்படித்தான் இருக்கும்" என்கிற மற்றப் பாதி சரியல்ல. வழி இருக்கிறது.

முதல் காரியமாக, வெடிப்பு உயிருள்ளதா, செத்துப் போனதா என்று தெரிந்து கொள்ளுங்கள். இதற்கு எஞ்சினீயர் வேண்டாம். வெடிப்பின் இரு பக்கத்திலும் ஆணியால் ஒவ்வொரு புள்ளி கீறி, இடைவெளியை அளந்து, தேதியோடு காலண்டரில் எழுதி வையுங்கள். பங்குனியில் ஒரு முறை, கார்த்திகையில் ஒரு முறை அளந்து பாருங்கள். அளவு மாறவில்லை என்றால் வெடிப்பு ஓய்ந்து விட்டது. மாறினால் அடியில் மண் இன்னும் அசைந்து கொண்டிருக்கிறது.

ஓய்ந்த வெடிப்பைச் சுலபமாக அடைக்கலாம். உளியால் அதை 'வி' வடிவத்தில் கொஞ்சம் அகலப்படுத்தி, கம்பி பிரஷால் தேய்த்து, தூசி போகக் கழுவ வேண்டும். பிறகு ஈரம் இருக்கும் போதே சிமெண்டுப் பால் தடவி, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கலவையை அழுத்தி நிரப்ப வேண்டும். கழுவாமல், கீறாமல், மேலே ஒரு கை பூசினால் அது தூசியின் மேல் ஒட்டிய பூச்சு. கார் சக்கரம் நாலு தடவை ஏறி இறங்கியதும் அப்பளம் போல் பெயர்ந்து வந்து விடும்.

அசைகிற வெடிப்புக்குச் சிமெண்டு உதவாது. கூடவே வளைந்து கொடுக்கிற பொருள்தான் வேண்டும். தாரும் மணலும் கலந்த அடைப்போ, கடைகளில் கிடைக்கிற ரப்பர் போன்ற சீலண்டோ போடலாம். ஆனால் இதுவும் தாற்காலிக ஏற்பாடுதான்.

நிரந்தர ஏற்பாடு வேண்டுமானால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கரிசலுக்குத் தூண்டுதல் தண்ணீர். மொட்டை மாடிக் குழாய் தளத்தின் ஓரத்தில் கொட்டுகிறதா? துணி துவைத்த தண்ணீர் சுவரோரம் தேங்குகிறதா? தளத்துக்கு அடியில் போகிற குழாய் கசிகிறதா? கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இரவு படுக்கப் போகுமுன் எல்லாக் குழாய்களையும் மூடி விட்டு, மேல் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். விடியற்காலையில் மட்டம் இறங்கியிருந்தால், தண்ணீர் எங்கேயோ திருட்டுப் போகிறது என்று அர்த்தம்!

புதுத் தளம் போடுகிறவர்களுக்கு

பழைய தளத்தை உடைத்துப் புதிதாகப் போடுவதென்று தீர்மானித்து விட்டீர்களா? அப்படியானால் பணத்தை மேலே கொட்டாமல் அடியில் போடுங்கள். கரிசலை ஒன்றரை அடி முதல் இரண்டு அடி வரை தோண்டி எடுத்து விட்டு, கிராவல் மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் தண்ணீர் தெளித்து நன்றாக இடிக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஜல்லித் தளம். அதற்கும் மேல்தான் கான்கிரீட்.

கார் ஏறுகிற கான்கிரீட்டுக்கு ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. இதெல்லாம் மேஸ்திரிக்குத் தெரியும். தெரிந்தும் தவறுகிற இடம் ஒன்று உண்டு, அதுதான் தண்ணீர். கலவை இளகலாக இருந்தால் கொத்துகிறவர்களுக்குச் சுலபம். ஆனால் அதிகப்படியான தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போய், இருந்த இடத்தில் நுண்ணிய துவாரங்களை விட்டுச் செல்கிறது, தளம் பலவீனமாகிறது. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டர், அதாவது 10 லிட்டர் வாளியில் மூன்று வாளி, அதற்கு மேல் போகக் கூடாது. நீங்கள் ஒரு நாற்காலியைப் போட்டுக் கொண்டு வாளியை மட்டும் எண்ணினால் போதும்.

ஒரேயடியாக நீளத் தளமாகப் போடச் சொல்லாதீர்கள். நாலு அங்குலத் தளத்தில் எட்டு முதல் பத்து அடிக்கு ஒரு கோடு, ஓர் அங்குல ஆழத்துக்கு வெட்டி விட வேண்டும். கான்கிரீட் சுருங்கும் போது எங்கேயாவது வெடித்தே தீரும். 'வெடிப்பதானால் இந்தக் கோட்டில் வெடி' என்று நாமே இடம் காட்டி விடுகிறோம். 10 அடிக்கு 2 அங்குலம் வீதம் வாட்டமும் வேண்டும். வாட்டம் வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கக் கூடாது. மழைநீர்ச் சேகரிப்பு 2003-ல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டதல்லவா? அந்தக் குழியை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி அமைத்து, வாட்டத்தை அதன் பக்கம் திருப்பி விடுங்கள்.

இனி வருவது முழுக்க முழுக்க உங்கள் பொறுப்பு: தண்ணீர் விடுவது. சிமெண்டு காய்ந்து கெட்டியாகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதுதான் இல்லை! சிமெண்டு தண்ணீரோடு சேர்ந்து கெட்டியாகிறது. தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் அந்த வேலை பாதியில் நின்று விடும். நம் ஊர்க் காற்றோ ஈரத்தை உறிஞ்சுவதில் கைதேர்ந்தது. ஆகவே ஆடிக் காற்றில், உச்சி வெயிலில் தளம் போடச் சம்மதிக்காதீர்கள். போட்ட மறு நாள் ஓரங்களில் மண் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். அல்லது நனைத்த சாக்குகளைப் பரப்புங்கள். பத்து நாள் குறையாமல் ஈரம் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் பதினான்கு நாள் விட்டால் இன்னும் நல்லது. அதுவரை காருக்குத் தெருவில்தான் வாசம். "ஒரே ஒரு தடவை ஏற்றிக்கிறேன்" என்று எஜமானர் கெஞ்சினாலும் இளகி விடாதீர்கள்!

கரிசலைத் தோண்டி எடுக்க வசதியில்லாத வீடுகளுக்கு இன்னொரு யோசனை. பேவர் கற்கள். மண் அசைந்தால் அவையும் அசையும், ஆனால் உடையாது. தாழ்ந்த இடத்தில் கற்களை எடுத்து, அடியில் மணல் போட்டு, அதே கற்களைத் திரும்பவும் அடுக்கலாம். ஒன்று உண்டு, கோலத்துக்கு மட்டும் அது அவ்வளவு தோதாக இராது. அதற்காகப் படிக்கு முன்னால் நாலடிக்கு நாலடி சமதளமாக விட்டுக் கொண்டால் தீர்ந்தது.

மேஜை மேல் இருக்கும் பெட்டி

வாசலைக் கடந்து உள்ளே வருவோம். கூடத்தில் மேஜை மேல் கம்ப்யூட்டர். அதைத் திறந்து விட்டு, அடுப்பில் பாலை வைத்து, பால் பொங்கி, காபி கலந்து குடித்து விட்டு வந்தாலும் இன்னும் அது விழித்துக் கொள்ளவில்லை. "பழசாயிடுச்சு, புதுசு வாங்கிக்கலாம்" என்கிறார்கள் வீட்டில்.

கொஞ்சம் பொறுங்கள். அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

முதல் சந்தேகம் நம் ஊர்த் தூசி. கம்ப்யூட்டரின் மூளையாகிய பிராசஸர் வேலை செய்யும் போது சூடாகும். அந்தச் சூட்டை வெளியே தள்ள ஒரு சின்ன விசிறி இருக்கிறது. விசிறியின் இடுக்குகளில் தூசி கம்பளி போலப் படிந்து விட்டால் காற்று ஓடாது, சூடு ஏறும். அப்போது பிராசஸர், தான் கருகிப் போகாமலிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்கிறது. நாமோ அதற்கு வயதாகி விட்டது என்று நினைக்கிறோம்! வெயிலில் மண்வெட்டி பிடிக்கிறவர் நிதானமாக வெட்டுகிறாரே, அது போலத்தான் இதுவும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை, முக்கியமாக ஆடிக் காற்று அடங்கிய பிறகு, மேஜைக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யுங்கள். அணைத்து, பிளக்கை உருவி விட்டு, பக்கத்துத் தகட்டைக் கழற்றி, மெல்லிய பெயிண்ட் பிரஷாலும் ஊதும் பம்பாலும் தூசியை அகற்றலாம். ஊதும் போது விசிறி சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக் கொள்ள வேண்டும். ஈரத் துணி ஆகவே ஆகாது. லாப்டாப்பைத் திறக்கிற வேலையை மெக்கானிக்கிடம் விட்டு விடுங்கள். ஆனால் அதை மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்து உபயோகிக்காமலிருப்பது நம் கையில் இருக்கிறது; அதன் மூச்சுத் துவாரங்கள் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன.

இரண்டாவது சந்தேகம், அழையாத விருந்தாளிகள். கம்ப்யூட்டர் விழிக்கும் போதே கூடவே பத்துப் பதினைந்து செயலிகள் எழுந்து உட்கார்ந்து கொள்ளும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' வரும். அதில் 'ஸ்டார்ட்அப்' என்ற பகுதியில், உங்களுக்கு அன்றாடம் வேண்டாதவற்றை நிறுத்தி வைக்கலாம். இது ஒன்றையும் அழிப்பதாகாது. விருந்தாளியைத் திண்ணையில் உட்கார வைக்கிற மாதிரி. என்னவென்று தெரியாததை மட்டும் தொடாதீர்கள்.

மூன்றாவது, உள்ளே இருக்கும் சேமிப்புத் தட்டு. பழைய கம்ப்யூட்டர்களில் சுழல்கிற 'ஹார்ட் டிஸ்க்' இருக்கும். அதற்குப் பதில் சுழலாத 'எஸ்.எஸ்.டி.' பொருத்தினால், பழைய பெட்டிக்கே புது உயிர் வந்து விடும். 'ராம்' என்கிற நினைவகம் 4 ஜி.பி. இருந்தால் 8 ஆக்கலாம். புதிதாக வாங்குகிற செலவில் இது சிறு பங்குதான். தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவசமாக மடிக்கணினி வழங்கத் தொடங்கியதே, அந்த வரிசையில் வந்தவை எத்தனையோ வீடுகளில் பரண் மேல் கிடக்கின்றன. அவற்றையும் கூட இறக்கிப் பார்க்கலாம்.

இறக்கும் போது ஒரு ஜாக்கிரதை. பல வருஷம் கிடந்த லாப்டாப்பில் பாட்டரி உப்பியிருக்கக் கூடும். மூடி சரியாக மூடவில்லை, விரல் தடவுகிற பட்டை மேலே புடைத்திருக்கிறது என்றால், சார்ஜ் போடாதீர்கள், அமுக்கியும் பார்க்காதீர்கள். அது தீப்பிடிக்கக் கூடியது. அப்படியே கடைக்குக் கொண்டு போய் அகற்றச் சொல்லுங்கள்.

நாலாவது, விண்டோஸ் 10. அதற்கு மைக்ரோசாஃப்ட் அளித்து வந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்து விட்டது. அதற்குப் பிறகும் அது ஓடும். ஆனால் திருடன் வருகிற வழிகளை அடைக்கிற வேலை நின்று போகும். பழைய பெட்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றுக் கொள்ளாவிட்டால், லினக்ஸ் என்ற இலவச ஏற்பாடு இருக்கிறது. நம் நாட்டு சி-டாக் நிறுவனமே 'பாஸ்' என்ற பெயரில் ஒன்றை உருவாக்கியிருக்கிறது. கடிதம் எழுத, கணக்குப் போட, பாடம் படிக்க, படம் பார்க்க அது தாராளமாகப் போதும்.

கடைக்குக் கொடுக்குமுன் மூன்று காரியம். கல்யாண போட்டோ, பத்திர நகல், குழந்தைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். ஒன்று வீட்டுக்கு வெளியே, அக்கா வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருப்பது உத்தமம். கம்ப்யூட்டரின் சீரியல் நம்பரைக் குறித்துக் கொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். வெள்ளிப் பாத்திரம் உருக்கக் கொடுத்தால் எடை பார்க்காமலா வருகிறோம்?

அந்த டெலிபோன் நம்பர்!

கம்ப்யூட்டரின் முகத்தில் திடீரென்று சிவப்பாக ஒரு பலகை தோன்றும். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்! உடனே இந்த நம்பரைக் கூப்பிடுங்கள்!" என்று அலறும். பயந்து கூப்பிட்டால், மறுமுனையில் வெகு மரியாதையாக ஒருவர் பேசுவார். தொலைவிலிருந்தே சரி செய்வதாகச் சொல்லி ஒரு செயலியை ஏற்றச் சொல்வார். ஏற்றியதும் உங்கள் திரையில் இருப்பதெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியும். பாங்கிக் கணக்கைத் திறந்தீர்களோ, தொலைந்தது!

எந்த நிஜமான கம்பெனியும் இப்படிப் பலகை போட்டு நம்பர் கொடுப்பதில்லை. பலகை வந்தால் கம்ப்யூட்டரை அணைத்து விட்டு எழுந்து போங்கள். ஏற்கெனவே பணம் போய் விட்டதா? அழுதுகொண்டு உட்கார வேண்டாம். அண்ணனிடம் சொல்வதா, அப்பாவிடம் சொல்வதா என்று யோசிக்கவும் வேண்டாம். அந்த நிமிஷமே 1930 என்ற நம்பருக்கு டெலிபோன் செய்யுங்கள். அது இணைய மோசடிகளுக்கான தேசிய உதவி எண். சீக்கிரம் சொன்னால் பணம் கை மாறிப் போகுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. பிறகு பாங்கிக்கும் சொல்லுங்கள்.

"இரும்மா, ஒரு மேட்ச்!"

இப்போது மூன்றாவது புகார். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. தளத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் மனசு இல்லை, பையனுக்கு இருக்கிறது.

"கண்ணு, சோறுண்ண வா சாமி."

"இரும்மா, இந்த மேட்ச் முடியட்டும்."

"எத்தனை வாட்டி கூப்பிடறது? ஆறிப் போச்சு!"

"இரும்மான்னா..."

இந்தச் சம்பாஷணை நடக்காத வீடு இருந்தால் சொல்லுங்கள்!

வீடியோ கேம் ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. 1958 அக்டோபரில் அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆராய்ச்சிசாலையைப் பொதுமக்கள் பார்க்க வந்த போது, வில்லியம் ஹிகின்பாதம் என்ற விஞ்ஞானி, அவர்களுக்குச் சலிப்புத் தட்டாமலிருக்க ஒரு சின்னத் திரையில் டென்னிஸ் ஆட்டம் ஒன்றை ஏற்பாடு செய்தார். ஒரு புள்ளிதான் பந்து. ஒரு கோடுதான் வலை. அதற்கே ஜனங்கள் வரிசை பிடித்து நின்றார்களாம்! ஆக, ஆட்டம் இழுக்கும்; ஆளை இழுக்காவிட்டால் அது ஆட்டமே அல்ல. நம் பாட்டிமார்கள் தாயக் கட்டையை உருட்ட உட்கார்ந்தால் அடுப்பில் குழம்பு தீய்ந்ததில்லையா?

ஆனால் தாயத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தாயம் முடிந்து விடும். இன்றைய ஆட்டங்கள் பல முடியவே முடியாதபடி அமைக்கப்பட்டிருக்கின்றன. தினம் வந்தால் ஒரு பரிசு, வராவிட்டால் நஷ்டம். காசு கொடுத்தால் ஒரு புது வேஷம், என்ன கிடைக்கும் என்று தெரியாத ஒரு பெட்டி. பையனின் மன உறுதிக்கு எதிராகப் பெரிய கம்பெனிகளின் கெட்டிக்காரர்கள் உட்கார்ந்து திட்டமிட்டிருக்கிறார்கள். அவனை மட்டும் திட்டிப் பிரயோசனம் இல்லை.

ஆகவே, சில யோசனைகள்.

நிமிஷக் கணக்குப் போடாமல் ஆட்டக் கணக்குப் போடுங்கள். நண்பர்களோடு சேர்ந்து ஆடுகிற இணைய ஆட்டத்தை நடுவில் நிறுத்த முடியாது. விட்டு எழுந்தால் கூட ஆடுகிறவர்கள் தோற்பார்கள். மறுநாள் பள்ளியில் அவனுக்கு வசவு. நாம் "இந்த நிமிஷமே அணை" என்னும் போது அவனுக்கு அது அநியாயமாகப் படுகிறது. "ரெண்டு மேட்ச், அப்புறம் சாப்பாடு" என்று முன்கூட்டியே பேசிக் கொள்ளுங்கள். பேசிய பிறகு நீங்களும் மாறக் கூடாது. அவனும் மாறக் கூடாது.

விளையாட்டு கூடத்தில் நடக்கட்டும், கதவு மூடிய அறையில் வேண்டாம். ராத்திரி எல்லாப் போன்களுக்கும் சார்ஜர் கூடத்தில்தான், அப்பாவின் போன் உள்பட! இந்தச் சட்டம் பெரியவர்களுக்கும் பொருந்தினால்தான் குழந்தைகளிடம் செல்லும்.

ஆட்டத்தின் உறையிலோ பக்கத்திலோ வயது போட்டிருக்கும். 3, 7, 12, 16, 18 என்று இருப்பது ஐரோப்பிய முறை. அது ஆட்டம் எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லவில்லை. அதில் வருகிற சண்டை, ரத்தம், பேச்சு ஆகியவை எந்த வயதுக்குத் தகும் என்பதைச் சொல்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன யோசனை இன்னும் கண்டிப்பானது: ஒரு வயதுக் குழந்தை வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சோறு ஊட்ட நிலாவும் காக்காயும் இன்னும் இருக்கத்தான் இருக்கின்றன.

போனில் பாங்கிக் கார்டைச் சேமித்து வைக்காதீர்கள். யு.பி.ஐ. ரகசிய எண்ணைக் குழந்தை எதிரில் அழுத்தாதீர்கள். எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி செயலிக் கடையின் அமைப்பை மாற்றி வையுங்கள். பணம் வைத்து ஆடுகிற இணைய ஆட்டங்களைப் பொறுத்த வரையில் சட்டமும் நம் பக்கம் பேசியிருக்கிறது. தமிழக அரசு 2025-ல் கொண்டு வந்த விதிகள், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களை அந்தப் பக்கம் வரவே கூடாது என்றன. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பெரியவர்களுக்கும் கதவை அடைத்தன. அதே வருஷம் ஆகஸ்டில் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டம், திறமை ஆட்டமானாலும் சரி, அதிர்ஷ்ட ஆட்டமானாலும் சரி, பணம் வைத்து ஆடுகிற இணைய ஆட்டங்களுக்குத் தடை என்றது. வீட்டில் பெரியவர் எவராவது 'ஆன்லைன் ரம்மி' என்றால், அது பையனின் கேமை விட அவசரமான வெடிப்பு.

அடியில் என்ன?

இவ்வளவு செய்தும் பையன் மாறவில்லையா? அப்போதுதான் தளத்துக்கு அடியில் மண்ணைப் பார்த்தது போல் இங்கேயும் பார்க்க வேண்டும்.

அவன் ஆட்டத்தில் எதைத் தேடுகிறான்? சிலருக்குப் பள்ளியில் கணக்குப் பாடம் பயம். கேமில்தான் அவர்கள் கெட்டிக்காரர்கள். சிலர் புதிதாகக் குடி வந்தவர்கள். தெருவில் நண்பர்கள் இல்லை. சிலரை வகுப்பில் யாரோ கேலி செய்கிறார்கள். சிலர் வீட்டில் அப்பா அம்மாவின் சண்டைச் சத்தம் காதில் விழாமலிருக்கத்தான் ஹெட்போன் மாட்டிக் கொள்கிறார்கள். இதையெல்லாம் போனைப் பிடுங்கிப் பூட்டுவதால் சரி செய்ய முடியாது. அது தூசி மேல் பூசிய சிமெண்டு.

காரணத்தை எப்படித் தெரிந்து கொள்வது? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் சொல்லிக் குடு சாமி" என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் மூன்றாவது நிமிஷமே செத்துப் போவீர்கள், அதாவது ஆட்டத்தில்! அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். பிறகு பேசுவான். யாரோடு ஆடுகிறான், அவர்கள் யார், எங்கிருந்து பேசுகிறார்கள், பணம் கேட்டார்களா, போட்டோ கேட்டார்களா என்பதெல்லாம் கேள்வி கேட்காமலே வெளியே வரும். அந்த நேரத்தில் உபதேசம் மட்டும் செய்து விடாதீர்கள்.

வெளியே ஓடியாடவும் இடம் வேண்டும். உச்சி வெயிலில் யாரும் கிரிக்கெட் ஆட முடியாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ட்யூஷன், அது முடிந்ததும் வீட்டுப் பாடம் என்று நாமே நேரத்தை அடைத்து விட்டால், அவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே மைதானம் கையிலிருக்கும் போன்தான். ஒரு மணி நேரம் அவிழ்த்து விடுங்கள்.

எது வரை சாதாரணம், எது நோய் என்று கேட்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக் கொண்டு 2022 முதல் அமலுக்கு வந்த நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் பழக்கத்தையும் சேர்த்திருக்கிறது. ஆனால் ஆடுகிற எல்லோரையும் அது சொல்லவில்லை. ஆட்டத்தை அடக்க முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட அதையே முதலில் வைப்பது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் சேர்ந்து, சாதாரணமாக ஒரு வருஷமாவது நீடித்து, படிப்பையும் வீட்டையும் பாதித்தால்தான் அந்தப் பெயர். லீவு நாளில் நாலு மணி நேரம் ஆடுகிற பையனுக்கு நோயாளிப் பட்டம் கட்டி விடாதீர்கள்.

அடையாளங்கள் பொருந்தினாலோ, பையன் தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விட்டு ஒடுங்கிப் போனாலோ, தாமதிக்காமல் உதவி கேளுங்கள். 14416 என்பது மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் இதற்கென்றே 2014-ல் ஒரு தனிப் பிரிவு தொடங்கினார்கள். நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்களோ என்று வருஷக் கணக்கில் மூடி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான பூச்சு.

இந்த வாரம், செலவில்லாமல்

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். மூன்று சின்னக் காரியங்கள் போதும்.

வாசல் வெடிப்பின் இரு பக்கமும் புள்ளி வைத்து, அளவைக் காலண்டரில் எழுதுங்கள்.

கம்ப்யூட்டரின் பின்பக்கம் கையை வைத்துப் பாருங்கள். அனல் அடித்தால் பிரஷை எடுங்கள். புதிதாக வாங்குகிற பேச்சை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள்.

பையன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அரை மணி நேரம் உட்காருங்கள்.

முதல் இரண்டையும் வேறு யாரிடமாவது ஒப்படைக்கலாம். மூன்றாவதை மட்டும் நீங்களே செய்யுங்கள்; முடிந்தால் அவன் அப்பாவுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.